யோஷோகு கடைக்குள் நுழையும் முன்

தோக்கியோவிலோ ஒசாகாவிலோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இரண்டு தெரு நடந்தால், வாசலில் கண்ணாடிப் பேழை வைத்த ஒரு சின்னக் கடை தென்படலாம். பேழைக்குள் ஒரு கட்லெட், இரண்டு இறால் வறுவல், மஞ்சள் முட்டைப் போர்வைக்குள் சோறு. எல்லாம் பொம்மைகள். உள்ளே அடுப்படியில் கணவர், கூடத்தில் மனைவி, இருவருக்கும் இடையே ஓடியாடும் மகனோ மருமகளோ. இருபது பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும்.

இதுதான் யோஷோகு (ஜப்பானியர் தம் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்ட மேலைநாட்டுச் சமையல்) கடை. ஜப்பானுக்குப் போகிற நம்மவர்கள் சுஷி, ராமென் என்று எழுதி வைத்துக்கொள்ளும் பட்டியலில் இது அநேகமாக இருக்காது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சிறு வயதிலிருந்து பழகிய ருசி இங்கேதான் இருக்கிறது.

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தக் கடையை நடத்துவது இரண்டு பேரோ மூன்று பேரோதான். கடை ஏன் மதியம் இரண்டு மணிக்கே மூடுகிறது, வெங்காயம் போடாமல் தரச் சொன்னால் ஏன் தயங்குகிறார்கள், ஏன் கடன் அட்டை வாங்குவதில்லை என்பதற்கெல்லாம் காரணம் அந்தச் சில கைகள்தான்.

மேலைநாட்டுச் சமையல் என்றால் பிரான்ஸிலோ இங்கிலாந்திலோ கிடைப்பது இங்கே கிடைக்குமா? கிடைக்காது. இங்கே கிடைப்பதும் அங்கே கிடைக்காது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

675-ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்தார். தடை எல்லாக் காலத்திலும் ஒரே கண்டிப்போடு இருந்ததில்லை. என்றாலும் நாலுகால் விலங்கின் இறைச்சி பல நூற்றாண்டுகள் அன்றாடச் சாப்பாட்டில் இல்லாமல் போயிற்று. 1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தது. மேலைநாட்டாரைப் போல உடல் வலு வேண்டும், படை வலு வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. 1872-இல் பேரரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியாக, நாட்டின் வாய் மெல்லத் திறந்தது.

ஆனால் வெண்ணெயில் பொரித்த கனத்த இறைச்சியை அரிசிச் சோறு உண்டு பழகிய வயிறு எளிதில் ஏற்குமா? சமையல்காரர்கள் மாற்ற ஆரம்பித்தார்கள். தோக்கியோவின் கின்ஸா பகுதியில் 1895-இல் தொடங்கிய ரெங்காதெய் என்ற கடை இதில் பெயர் பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் கன்றுக்குட்டி இறைச்சியை வெண்ணெயில் வாட்டிச் செய்த கட்லெட்டை, இந்தக் கடை 1899-இல் பன்றி இறைச்சிக்கு மாற்றி, தெம்புரா பொரிப்பதுபோல நிறைய எண்ணெயில் முக்கிப் பொரித்தது. இன்றைய தொங்காட்சு (ரொட்டித்தூள் போட்டுப் பொரித்த தடிமனான பன்றி இறைச்சித் துண்டு) இதன் வாரிசு.

தட்டில் கட்லெட்டுக்குப் பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸைப் பூந்துருவலாய்க் குவித்து வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அதற்கும் அந்தக் கடையே காரணம் சொல்கிறது. 1904-இல் ரஷ்யாவோடு போர் மூண்டபோது இளம் சமையல்காரர்களைப் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். வேகவைத்த காய்கறி செய்ய ஆளில்லை. பச்சையாக நறுக்கி வைத்தால் வேலை மிச்சம். ஆள் பற்றாக்குறையில் பிறந்த அந்த முட்டைக்கோஸ் இன்றுவரை தட்டை விட்டு நகரவில்லை.

சரி, கடையை எப்படி அடையாளம் காண்பது? வாசலில் துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். திரை இல்லாத கடைகளில் கதவில் ஒரு பலகை தொங்கும். ஒரு பக்கம் 'திறந்திருக்கிறது', மறுபக்கம் 'ஆயத்தம் நடக்கிறது'. எழுத்து புரியாவிட்டால் கைபேசியின் கேமராவை நீட்டினாலே மொழிபெயர்ப்புச் செயலி சொல்லிவிடும். விளக்கு எரிகிறது, உள்ளே ஆள் நடமாடுகிறது என்பதற்காகக் கதவைத் திறக்காதீர்கள். அது அவர்கள் வெங்காயம் நறுக்கும் நேரமாக இருக்கலாம்.

வாசல் பேழையிலுள்ள பொம்மை உணவை அலட்சியமாகக் கடந்துவிட வேண்டாம். மொழி தெரியாத உங்களுக்கு அதுதான் மெனு. இவாஸாகி தகிஸோ என்பவர் 1932-இல் ஒசாகாவில் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். அவர் மெழுகில் முதன்முதலாக வார்த்ததும் ஒரு ஆம்லெட்தான் என்பார்கள். அவர் பிறந்த குஜோ ஹச்சிமான் இன்றும் இந்தப் பொம்மைகளுக்குப் பெயர்போன ஊர். இப்போது மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக். அளவும் நிறமும் உள்ளே வரப்போகும் தட்டை அப்படியே ஒத்திருக்கும். பிடித்ததைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு உள்ளே போய்க் காட்டினால் போதும், வேலை முடிந்தது.

எத்தனை மணிக்குப் போவது? மதியம் பதினொன்று, பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை. மாலை ஐந்து, ஐந்தரையிலிருந்து எட்டு, எட்டரைவரை. பொதுவான கணக்கு இதுதான். இடையில் மூடிவிடுவார்கள். மூடும் நேரத்துக்கு அரைமணி முன்பே 'கடைசி ஆர்டர்' முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை அலுவலகக் கூட்டம். வெளியூர்க்காரர் நிதானமாகச் சாப்பிட வேண்டுமென்றால் பதினொன்றரைக்கே போய்விடுவது நல்லது, இல்லையென்றால் ஒன்றேகாலுக்கு மேல்.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை. எந்தக் கிழமை என்பது கடைக்குக் கடை மாறும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கடை கிடையாது; வாசலில் கையெழுத்துக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். வாரிசு இல்லாமல் நிரந்தரமாக மூடிய கடைகளும் ஏராளம். அதனால் பழைய வழிகாட்டி நூலை மட்டும் நம்பி ஒரு மணி நேரம் பயணம் செய்யாதீர்கள். வரைபடச் செயலியில் சமீபத்தில் யாராவது படம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே நுழைந்ததும் காலியாக இருக்கும் இடத்தில் போய் உட்காரலாமா? வேண்டாம். வாசலிலேயே நின்று எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். அந்த அம்மா இடம் காட்டுவார். தனியாகப் போனால் அடுப்படியை ஒட்டிய நீள மேசையில் உட்கார வைப்பார்கள். மனம் சுளிக்காதீர்கள். கடையிலேயே நல்ல இடம் அதுதான். வாணலியை உதறி முட்டையைச் சுருட்டும் கையை அங்கிருந்துதான் பார்க்க முடியும். ஆறேழு பேராகப் போனால் சேர்ந்து உட்கார இடம் கிடைக்காமல் திரும்ப நேரலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் மாலையில் கடை திறந்தவுடன் போவது உத்தமம்.

உட்கார்ந்ததும் தண்ணீரும் ஈரத்துண்டும் வரும். இரண்டுக்கும் காசு கிடையாது. துண்டு கை துடைக்க. முகம் கழுத்தெல்லாம் துடைக்க வேண்டாம். பணிப்பெண் தானாக வந்து நிற்பார் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள். முடிவு செய்தபின் 'சுமிமாசென்' என்று சற்று உரக்கக் கூப்பிட வேண்டும். அது மரியாதைக் குறைவாகாது. மன்னிக்கணும் என்று சொல்லிக் கூப்பிடுவதுதான் அது.

என்ன சாப்பிடுவது என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது ஓமுரைஸு. கோழித் துண்டும் வெங்காயமும் போட்டுக் கெட்சப்பில் வதக்கிய சோற்றை மெல்லிய முட்டை அடையில் பொதிந்து தருவார்கள். ஒசாகாவில் ஹொக்கியோகுசெய் என்ற கடை தன் கதையைச் சொல்லும்: வயிறு சரியில்லாத வாடிக்கையாளர் ஒருவர் தினமும் ஆம்லெட்டும் வெறும் சோறுமே கேட்டாராம். பாவம், தினமும் ஒரே சாப்பாடா என்று கடைக்காரர் 1925-இல் இரண்டையும் சேர்த்துச் சுருட்டிக் கொடுத்தாராம். தோக்கியோவின் ரெங்காதெய்யும் இதற்கு உரிமை கோருகிறது. அங்கே செய்தது சோற்றை முட்டையோடு கலந்து வாட்டிய வேறு வகை.

இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஓமுரைஸு வேறு மாதிரி இருக்கும். சோற்றின் மேல் குண்டான ஆம்லெட்டை வைத்துக் கத்தியால் கீறுவார்கள். அது இரண்டாகப் பிளந்து வழிந்து சோற்றை மூடும். ஜூஸோ இதாமி இயக்கிய 'தம்போபோ' (1985) படத்தையொட்டிப் பிரபலமானது அது. 1931-இல் தொடங்கிய, தோக்கியோ நிஹோம்பாஷியிலுள்ள தாய்மெய்கென் கடையில் அந்தப் படத்தின் பெயரிலேயே இந்த வகை உண்டு. அரைவேக்காட்டு முட்டை உங்களுக்கு ஒத்துவராதென்றால் பழைய பாணியில் சுருட்டித் தரும் கடையே நல்லது. தெருமுனைக் குடும்பக் கடைகளில் அதுதான் அதிகம்.

அடுத்தது ஹம்பாகு. ரொட்டிக்கு நடுவே வைக்கும் பர்கர் என்று நினைத்துவிடாதீர்கள். கொத்துக்கறியில் வெங்காயம், ரொட்டித்தூள், முட்டை சேர்த்துப் பிசைந்து, தட்டி, வாட்டி, மேலே சாஸ் ஊற்றிச் சோற்றோடு தருவது. பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்த கொத்து. இது முக்கியம், கீழே மறுபடியும் வருவேன்.

அதன்மேல் ஊற்றும் கரும்பழுப்புச் சாஸ்தான் இத்தகைய கடையின் உயிர். தெமிகுராஸு (மாட்டெலும்புச் சாறு, காய்கறி, வறுத்த மாவு, ஒயின் சேர்த்துச் சுண்டவைத்த குழம்பு) என்பது அதன் பெயர். இதைத் தயாரிக்க நாள்கணக்கில் ஆகும். காய்ச்சுவதும் வடிகட்டுவதும் குறைந்ததை நிரப்புவதுமாக ஒரு வாரம் செலவழிக்கும் கடைகளும் உண்டு. இரண்டு பேர் நடத்தும் கடைக்கு இது பெரிய வேலை. அதனால்தான் ஒரே சாஸ் ஹம்பாகுவுக்கும், மாட்டுக்கறி ஸ்டூவுக்கும், ஹயாஷி ரைஸுக்கும் (மெல்லிய மாட்டிறைச்சியும் வெங்காயமும் சாஸில் வெந்து சோற்றின்மேல் வருவது), சில கடைகளில் ஓமுரைஸுக்கும்கூடப் போகிறது. மெனு நீளமாகத் தெரியும். அடுப்பில் இருப்பது ஒரே அண்டா.

பொரியல் வகைகளில் எபி ஃபுராய் (ரொட்டித்தூளில் பொரித்த இறால்), கொரொக்கே (உருளைக்கிழங்கு மசியலும் கொத்துக்கறியும் சேர்ந்த உருண்டை), மென்ச்சி காட்சு (கொத்துக்கறிக் கட்லெட்) ஆகியவற்றைத் தவறாமல் பார்ப்பீர்கள். கொரொக்கேயைக் கடித்தால் நம்மூர் ரயில் கேன்டீன் கட்லெட்டின் தூரத்துச் சொந்தம் என்று தோன்றும். நிஜமாகவே இரண்டும் ஐரோப்பியச் சமையலறையிலிருந்து புறப்பட்டுக் கிழக்கே வந்தவைதான். ரொட்டித்தூள்தான் வேறுபாடு. ஜப்பானில் அதைப் பெரிய செதில்களாக உதிர்ப்பார்கள்; மொறுமொறுப்பு அதிலிருந்து வருகிறது.

நாபொரிதான் என்ற சிவப்பு ஸ்பகெட்டியும் இருக்கும். நாபொலி நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யோக்கொஹாமாவின் ஹோட்டல் நியூ கிராண்டில், இரண்டாம் உலகப்போருக்குப் பின் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் ஸ்பகெட்டியில் கெட்சப்பைக் கலந்து தின்றதைப் பார்த்த தலைமைச் சமையல்காரர் ஷிகெதாதா இரிஎ, தக்காளிச் சாஸில் செய்து மேம்படுத்தினார் என்பது வழங்கிவரும் கதை. தெருக்கடைகள் மறுபடியும் கெட்சப்புக்கே போய்விட்டன. இத்தாலியப் பாஸ்தாவை எதிர்பார்த்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான். குழைவாக, இனிப்பாக, குடைமிளகாய் மணத்தோடு இருக்கும்.

கறி ரைஸைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் வரும்: இது நம்ம குழம்புதானா? ஜப்பானுக்கு இந்தக் கறி வந்த வழி இந்தியா அல்ல, பிரிட்டன். டப்பாவில் அடைத்த கறித்தூளும் வறுத்த மாவும் சேர்த்துக் கெட்டியாக்கிய பிரிட்டிஷ் முறையை, கப்பற்படைச் சமையல் வழியாகவும் உணவகங்கள் வழியாகவும் ஜப்பான் தனதாக்கிக்கொண்டது. காரம் குறைவு, இனிப்பு அதிகம், பாகுபோன்ற பதம். சிவப்பு ஊறுகாய்த் துண்டுகளும் சின்ன வெங்காய ஊறுகாயும் பக்கத்தில் வரும். உரிய இந்தியச் சுவையைத் தோக்கியோவுக்குத் தந்தவர் ராஷ் பிஹாரி போஸ். பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி 1915-இல் ஜப்பான் வந்து, நகாமுராயா ரொட்டிக்கடைக் குடும்பத்தாரிடம் அடைக்கலம் பெற்று, அவர்கள் வீட்டு மருமகனானார். 1927-இல் ஷிஞ்சுகுவில் அவர்கள் திறந்த உணவகத்தில் இந்தியக் கறி மெனுவில் ஏறியது அவரால்தான். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த விடுதலை இயக்கத்தின் தலைமையை 1943-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் இவரே. ஆனால் குடும்பக் கடையில் கிடைப்பது அவர் தந்த கறி அல்ல, பிரிட்டிஷ் வழியில் வந்த கறி.

இப்போது நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். சைவம் கிடைக்குமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: கடினம். சூப்பில் கோழிச் சாறோ மாட்டெலும்புச் சாறோ இருக்கும். சாஸைப் பற்றி மேலே சொன்னேன். கறியில் மாட்டுக்கொழுப்பு சேர்ந்த கட்டி பயன்படுத்தியிருக்கலாம். உருளைக்கிழங்குக் கொரொக்கேயில் இறைச்சி உண்டு. மிசோ சூப் கேட்டால் அது மீன் சாற்றில் செய்தது. பொரிக்கும் எண்ணெய் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு. எல்லாம் ஒரே வாணலியில்தான் பொரிபடும்.

இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுச் செய்து தரச் சொல்லலாமே? கேட்கலாம். ஆனால் அந்த அண்டாச் சாஸ் மூன்று நாளுக்கு முன்பே தயாரானது. உங்களுக்காக வேறொன்று வைக்க முடியாது. ஓமுரைஸுக்கான சோற்றைச் சில கடைகள் காலையிலேயே கோழி போட்டு வதக்கி வைத்துவிடும். 'முடியாது' என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, 'அது கொஞ்சம்...' என்று நிறுத்துவார்கள். அதற்குப் பொருள் முடியாது என்பதே. வற்புறுத்த வேண்டாம்.

முட்டை சாப்பிடுகிறவர் என்றால் வெறும் ஆம்லெட், சோறு, சாலட் என்று சமாளிக்கலாம். முட்டையும் ஆகாது என்றால் ரொட்டி, சோறு, நறுக்கிய முட்டைக்கோஸ் என்றாகிவிடும். அதற்காக இந்தக் கடைக்குப் போவானேன்? சைவக் கடையில் சாப்பிட்டுவிட்டு, பேழையிலுள்ள பொம்மைகளைப் பார்த்து ரசித்துவிட்டு நகர்வதே மேல்.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவருக்கு வழி உண்டு. இறால் வறுவல், சிப்பி வறுவல் (குளிர்காலத்தில்), தொங்காட்சு, கோழி வறுவல் ஆகியவற்றில் மாடு நேரடியாக இல்லை. சாஸைத் தவிர்த்துவிடுங்கள். 'கியூநிகு' என்றால் மாட்டிறைச்சி, 'புதாநிகு' பன்றி, 'தோரிநிகு' கோழி. தட்டைக் காட்டி 'கியூநிகு?' என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். முஸ்லிம் அன்பர்களுக்கு: ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க முடியாது, சாஸில் ஒயினும் இருக்கும், எண்ணெயும் பொது. இறாலுக்கோ கடலைக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஒவ்வாமைப் பொருள்களை அச்சிட்டே ஆகவேண்டும் என்ற ஜப்பானியச் சட்டம் பொட்டலத்தில் விற்கும் உணவுக்குத்தான். உணவகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்களுக்கு ஆகாதவற்றை ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போய் ஆர்டர் செய்வதற்கு முன்பே காட்டுங்கள்.

கையால் சாப்பிடலாமா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ரொட்டியைத் தவிர வேறெதையும் இங்கே கையால் தொடுவதில்லை. ஓமுரைஸுக்கும் கறிக்கும் பெரிய கரண்டி. கட்லெட்டுக்குக் கத்தியும் முள்கரண்டியும். சோறு கிண்ணத்தில் வராமல் தட்டையான தட்டில் வரும், அதையும் முள்கரண்டியால்தான் எடுப்பார்கள். முள்கரண்டியின் முதுகில் சோற்றை ஏற்றிச் சாப்பிடுவதுதான் நாகரிகம் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். வயதானவர் யாராவது அப்படிச் சாப்பிடுவதைக் கண்டால் வியக்காதீர்கள், நீங்கள் முயலவும் வேண்டாம். சாப்ஸ்டிக் வேண்டுமென்றால் கேட்டால் தருவார்கள். கடைக்கு வரும் ஜப்பானியர் பலரே அதில்தான் கட்லெட்டைச் சாப்பிடுகிறார்கள். முன்கூட்டியே துண்டு போட்டுத் தருவது அதற்காகத்தான்.

மேசைமேல் இருக்கும் கரிய பாட்டில் சோயா சாஸ் என்று நினைத்துத் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள். அநேகமாக அது வூஸ்டர் வகைச் சாஸ். புளிப்பும் இனிப்பும் கலந்தது. கெட்டியாக இருப்பது தொங்காட்சுக்கு, நீர்க்க இருப்பது முட்டைக்கோஸுக்கும் கொரொக்கேக்கும். மஞ்சளாக ஓரத்தில் வைத்திருக்கும் கடுகு விழுது மூக்கில் ஏறும், ஒரு துளி போதும்.

நாலு பேர் போய் இரண்டு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாமா? நம் வழக்கம் அது, அவர்கள் வழக்கம் அல்ல. தலைக்கு ஒரு தட்டு என்பதே கணக்கு. இருபது நாற்காலிதான் இருக்கிறது. ஒவ்வொரு நாற்காலியும் ஒரு சாப்பாட்டை விற்றால்தான் கடை ஓடும். எல்லோரும் வேறு வேறு தட்டு வாங்கி ஆளுக்கொரு துண்டு மாற்றிக்கொள்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மீந்ததைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்வதும் அங்கே பரவலான வழக்கம் இல்லை. உணவு கெட்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் கடைக்காரருக்கு. முடியாதென்று தோன்றினால் ஆர்டர் செய்யும்போதே சோறு கொஞ்சமாகப் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு இது ஏற்ற இடம்தான். காரம் இல்லை, முட்டையும் கெட்சப்பும் உண்டு. சில கடைகளில் ஒகோசாமா லஞ்ச் (சிறுவர் தட்டு) இருக்கும். சின்ன ஹம்பாகு, ஒரு இறால், குவித்த சோற்றின் உச்சியில் ஒரு குட்டிக் கொடி. நிஹோம்பாஷியின் மித்சுகோஷி பல்பொருள் அங்காடி 1930-இல் தொடங்கிய வழக்கத்தின் தொடர்ச்சி இது. பெரியவர்கள் ஆசைப்பட்டாலும் வயது வரம்பைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

குழந்தையோடு போகிறவர்கள் வாசலில் புகைபிடிக்கும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைபிடிக்க நாடெங்கும் தடை. ஆனால் அதற்கு முன்பே இருந்த சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. தோக்கியோவில் விதி இன்னும் கடுமை. வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அந்த விலக்கு கிடையாது. வீட்டு ஆட்களே நடத்தும் கடைக்கு மட்டும் அது கிடைக்கும். ஆகவே நாம் பேசும் இந்த வகைக் கடையில்தான் புகை இருக்க வாய்ப்பு. புகைபிடிக்க விடும் கடைக்குள் இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அனுமதிக்கமாட்டார்கள்.

எவ்வளவு ஆகும்? மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஆயிரம் யென்னிலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடியும். மாட்டுக்கறி ஸ்டூ மட்டும் எங்கும் விலை கூடியது. கின்ஸா போன்ற இடங்களிலுள்ள பெயர்பெற்ற கடைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத வரி, வாங்கிக்கொண்டு போனால் 8. 2021 ஏப்ரல் முதல் வரியைச் சேர்த்த விலையைக் காட்டியே ஆகவேண்டும் என்பதால், மெனுவில் இரண்டு விலை தெரிந்தால் கூடுதலாக இருப்பதுதான் நீங்கள் தரப்போவது.

ரொக்கம் கட்டாயம் கையில் இருக்கட்டும். அட்டை நிறுவனத்துக்குத் தரும் கழிவு சின்னக் கடைக்குச் சுமை. ஆகவே பல கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கும். 10,000 யென் நோட்டை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள், 1,000 யென் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் காசு வைக்காதீர்கள். பில்லை எடுத்துக்கொண்டு வாசலருகே இருக்கும் கல்லாவுக்குப் போய், அங்குள்ள சின்னத் தட்டில் பணத்தை வைக்க வேண்டும்.

டிப்ஸ் கிடையாது. மிச்சத்தை விட்டுவிட்டுப் போனால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து அந்த அம்மா தெருவில் ஓடிவந்து திருப்பித் தருவார். மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமென்றால் கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் பார்த்து 'கொச்சிசோ-சமா' என்று சொல்லுங்கள். சமைத்தவருக்கான நன்றி அது. உள்ளிருந்து பதில் குரல் வரும்.

தட்டைப் படமெடுப்பதில் தடையில்லை. சமைப்பவரையோ மற்ற வாடிக்கையாளர்களையோ எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சாப்பிட்டு முடித்தபின் உட்கார்ந்து கதை பேசும் இடமும் இதுவல்ல, வாசலில் ஆள் நின்றால் எழுந்துவிட வேண்டும். காபியோடு அரட்டை அடிக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஒரு காபிக்கடை இருக்கும். அங்கே யாரும் எழுப்பமாட்டார்கள்.

இவ்வளவு நியமம் முதல்நாளே வேண்டாம் என்று தோன்றினால், பெரிய பல்பொருள் அங்காடிகளின் மேல்தளத்துக்குப் போங்கள். அங்குள்ள உணவகத் தளத்தில் இதே உணவு கிடைக்கும். மூன்று மணிக்குப் போனாலும் சாப்பாடு உண்டு, ஆங்கில மெனு இருக்க வாய்ப்பு அதிகம், அட்டை வாங்குவார்கள், குழந்தை நாற்காலி தருவார்கள். விலை சற்றுக் கூடும், அந்த அண்டாச் சாஸின் தனிமணம் சற்றுக் குறையும். அங்கே ஒருமுறை ஓமுரைஸு சாப்பிட்டுப் பழகிக்கொண்டு, மறுநாள் பதினொன்றரை மணிக்குத் தெருமுனைக் கடையின் துணித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகலாம்.